கைப்பேசியில் வரும் ஈசிஜி: மாரடைப்பு நோயாளியை மருத்துவமனை விட்டு மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா மருத்துவமனைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஊருக்குள் இருக்கும் சிறிய தனியார் மருத்துவமனைக்கோ நெஞ்சு வலியோடு வருகிறவரை ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது கைப்பேசி எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று நோயாளிகளின் குடும்பத்தாரும், சிறிய மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களும் பணி மருத்துவர்களும் கேட்பதுண்டு. அவர்களுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

மாரடைப்பு சிகிச்சையில் கைப்பேசிக்கு என்ன வேலை?

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி ஒன்று ரத்தக்கட்டியால் முழுவதுமாக அடைபட்டுவிட்டால், அதை நம்பியிருக்கும் தசை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் சாகத் தொடங்குகிறது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பரவும் அந்தச் சேதம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. மருந்தும், ஈசிஜி கருவியும், கண்காணிக்க ஆளும் இருந்தால் தாலுகா மருத்துவமனையிலேயே அதைப் போடலாம். மற்றொன்று, கை அல்லது தொடையின் தமனி வழியே கம்பி செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைப்பது; இங்கே ஆஞ்சியோ என்று சொல்வது இதைத்தான். அதற்குக் கேத் லேப், அதாவது இந்தச் சிகிச்சைக்கென்றே அமைந்த கூடம், வேண்டும்.

இந்த நோயாளிக்கு இரண்டில் எது, எங்கே வைத்து, எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூடிய இதயநோய் மருத்துவர் 50, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்; நடு இரவென்றால் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். நோயாளி போய்ச் சேரும் முன்பே அவருடைய ஈசிஜியை அந்த மருத்துவரின் கண்முன் கொண்டு நிறுத்துவதுதான் கைப்பேசியின் வேலை.

இந்த எண்ணம் புதிதன்று. ஈசிஜியை நடைமுறைக்குக் கொண்டுவந்த வில்லெம் ஐந்தோவன், நெதர்லாந்தின் லைடன் நகரில் 1905லேயே மருத்துவமனையில் இருந்த நோயாளிகளின் இதயத் துடிப்பைச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்த தன் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்துப் பதிவுசெய்தார். அவருடைய கருவி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாத அளவுக்குப் பெரியது. கருவியிடம் நோயாளியைக் கொண்டுபோவதைவிட அலைகளை அனுப்புவது எளிது என்று அன்றே ஒருவர் கண்டிருக்கிறார்.

எல்லா நெஞ்சு வலிக்கும் இந்த அவசரம் பொருந்துமா?

பொருந்தாது. ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கூர் அலைக்கும் அடுத்து வரும் எஸ்டி என்னும் கோட்டுப் பகுதி மேலே தூக்கிக் காட்டும் வகை, அதாவது தமனி முற்றாக அடைபட்ட வகை, நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டியது. எஸ்டி உயராத வகை மாரடைப்பில் கரைக்கும் ஊசி பயன்படாது; அதைப் போடவும் கூடாது. அத்தகையவரையும் மாற்ற வேண்டும் என்றாலும், வலி விடாதிருத்தல், ரத்த அழுத்தம் வீழ்தல், துடிப்பு தாறுமாறாதல் போன்ற ஆபத்துக் குறிகள் இல்லாவிட்டால் சில மணி நேர அவகாசம் கிடைக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிவதற்காகத்தான் நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன.

முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் வலியை 'வாயுப் பிடிப்பு' என்று தள்ளி அனுப்பிவிடுவது பெருந்தவறு. வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் வலி நெஞ்சில் தெரியாமல் மூச்சுத்திணறலாகவோ, தாடை வலியாகவோ, வெறும் வியர்வையும் அசதியுமாகவோ வரலாம்.

நேரம் உண்மையில் எங்கே கழிகிறது?

2008இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் பதிவேடு, இந்தியாவின் 50 நகரங்களில் உள்ள 89 மருத்துவமனைகளில் மாரடைப்பு முதலிய திடீர் இதயநோயோடு சேர்க்கப்பட்ட 20,468 பேரைக் கணக்கில் எடுத்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனைக்கு வந்துசேர ஆன இடைநிலை நேரம், அதாவது வரிசையின் நடுவில் இருப்பவருக்கு ஆன நேரம், 360 நிமிடம். வந்த பிறகு கரைக்கும் ஊசி போட ஆனது 50 நிமிடம். அந்த 360 நிமிடத்தைக் கைப்பேசிச் செயலி எதுவும் குறைக்காது. சோடா குடித்துப் பார்ப்பது, விடியட்டும் என்று காத்திருப்பது, வண்டி தேடுவது ஆகியவற்றில் கழியும் நேரம் அது.

கைப்பேசி கைவைக்கக்கூடியது அதற்குப் பிந்திய பகுதியில்தான். முதல் மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கப்படுகிறது. பணி மருத்துவருக்கு ஐயம். பெரிய மருத்துவமனையின் எண்ணைத் தேடுகிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுதப்படுகிறது. அதன் பிறகுதான் 108க்கு அழைப்பு போகிறது. நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து வாசலைத் தாண்டி வெளியேறும் வரையிலான இந்த இடைவெளி 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. நடைமுறையில் அது மணிக்கணக்கில் நீளுவதுண்டு.

பெரிய மருத்துவமனைக்குப் போனதும் இதே கதை மறுபடி தொடங்குகிறது. அவசரப் பிரிவில் பதிவுச் சீட்டு, இன்னொரு ஈசிஜி, பயிற்சி மருத்துவர், அவர் அழைக்கும் முதுநிலை மாணவர், அவர் அழைக்கும் உதவிப் பேராசிரியர், கடைசியாகக் கேத் லேப் பணியாளர்கள். முன்கூட்டியே வந்த ஈசிஜி இந்தப் படிகளையெல்லாம் நோயாளி சாலையில் இருக்கும்போதே ஏறி முடித்துவிடச் செய்கிறது. தள்ளுவண்டி நேரே கேத் லேப்புக்குப் போகலாம். எனக்குத் தெரிந்தவரை, இம்முறையின் ஆகப் பெரிய ஆதாயம் இதுதான். ஆம்புலன்ஸை வேகமாக ஓட்டி ஐந்து நிமிடம் மிச்சப்படுத்துவதைவிட, அவசரப் பிரிவு வாசலில் நிற்கும் நாற்பது நிமிடத்தை இல்லாமல் ஆக்குவது மேல்.

தமிழ்நாட்டில் இது முயன்று பார்க்கப்பட்டிருக்கிறதா?

பார்க்கப்பட்டிருக்கிறது, அதன் முடிவுகளும் பதிவாகியுள்ளன. மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்ற ஸ்டெமி இந்தியா அமைப்பு (ஸ்டெமி என்பது எஸ்டி உயரும் வகை மாரடைப்பின் ஆங்கிலச் சுருக்கம்), மாநில அரசுடன் சேர்ந்து, மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போன்ற ஓர் ஏற்பாட்டை உருவாக்கியது. ஆஞ்சியோ வசதியுள்ள 4 பெரிய மருத்துவமனைகள் குடங்கள். அவற்றோடு இணைந்த 35 சிறிய மருத்துவமனைகள் ஆரக்கால்கள். ஈசிஜியும் ரத்த அழுத்தம் முதலிய அளவுகளும் கைப்பேசி வலை வழியே மையத்துக்குப் போயின. நோயாளியை மாற்ற 108 ஆம்புலன்ஸ். ஏழை நோயாளிகளின் செலவுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம்.

2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியான கணக்கின்படி, ஏற்பாடு தொடங்குவதற்கு முன் 898 பேரும் தொடங்கிய பின் 1,522 பேரும் ஆராயப்பட்டனர். இதயத் தமனிகளைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35.0 விழுக்காட்டிலிருந்து 60.8 ஆக உயர்ந்தனர். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். மருத்துவமனையில் இருந்த நாட்களில் நிகழ்ந்த இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக் குழுவைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று இது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு. ஆகவே முழுப் பெருமையையும் கைப்பேசிக்குக் கொடுத்துவிட முடியாது. ஆம்புலன்ஸ், காப்பீடு, பயிற்சி, ஈசிஜி எல்லாம் சேர்ந்து இழுத்த தேர் அது.

பிற மாநிலங்களிலும் இதே வடிவம் பரவியுள்ளது. கோவாவில் அரசின் சிறு மருத்துவமனைகள் பாம்போலிம் மருத்துவக் கல்லூரியோடு இணைக்கப்பட்டன. கர்நாடகத்தில் 2023இல், நடிகர் புனித் ராஜ்குமாரின் பெயரில் தாலுகா மருத்துவமனைகளுக்கான திட்டம் தொடங்கப்பட்டது.

ஈசிஜியைப் படம் எடுத்து அனுப்புவதில் கவனிக்க வேண்டியது என்ன?

எளிய வேலை போலத் தோன்றும் இதில்தான் பிழைகள் மிகுதி. ஈசிஜித் தாளில் ஒரு சிறு கட்டம் ஒரு மில்லிமீட்டர். லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு; மார்பு லீடுகளுக்கு வி1 முதல் வி6 வரை பெயர். பெரும்பாலான லீடுகளில் அடுத்தடுத்த இரண்டில் ஒரு மில்லிமீட்டர் எஸ்டி உயர்ந்திருந்தால் அது மாரடைப்புக்கான அளவு. வி2, வி3 லீடுகளுக்கு மட்டும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே மறுமுனையில் இருப்பவருக்குக் கட்டங்கள் எண்ணும்படி தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலான படத்தில் ஒரு மில்லிமீட்டர் தொலைந்துபோனால் நோயும் சேர்ந்து தொலைந்துபோகும்.

நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு சிறிய மருத்துவமனையில் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வெப்பத்தால் அச்சாகும் தாள் கருவியிலிருந்து வந்தவுடன் பாய் போலச் சுருண்டுகொள்கிறது. மேலே மின்விசிறி. செவிலியர் ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்து மறுகையால் படம் எடுக்கிறார்; அவருடைய கட்டைவிரல் வி5 லீடை மறைக்கிறது; குழல் விளக்கின் வெளிச்சம் வி2 மீது வெள்ளைத் திட்டாகப் படிகிறது. செய்ய வேண்டியது இதுதான்: தாளைச் சமமான மேசையில் விரித்து, இரு முனைகளிலும் ஸ்டெதஸ்கோப்பையும் மருந்துப் பெட்டியையும் வைத்து, ஃபிளாஷை அணைத்து, கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, முழுத் தாளும் அடங்கும்படி ஒரு படமும் மார்பு லீடுகளுக்கு மட்டும் நெருக்கமாக ஒரு படமும் எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்த படத்தில் கட்டங்கள் நீள்சதுரமாகி அளவு பிசகும்.

ஒரு நேரத்தில் ஒரு லீடை மட்டும் பதியும் ஒற்றைச் சேனல் கருவியுள்ள இடங்களில் நீண்ட நாடாவாக வரும் பதிவை வெட்டி ஒட்டுவார்கள்; அவசரத்தில் துண்டுகள் வரிசை மாறிவிடும். வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் லீடின் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவது நல்லது. தாள் ஓடும் வேகம் நொடிக்கு 25 மி.மீ., உயர அளவு ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. என்பதைக் காட்டும் குறியீடும் படத்தில் இருக்க வேண்டும். இடது, வலது கைக் கம்பிகளை மாற்றி மாட்டியிருந்தால் முதல் லீட் தலைகீழாக வரும். மறுமுனையில் இருப்பவர் "கம்பியைப் பார்த்து மாட்டி இன்னொரு முறை எடுங்கள்" என்று சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடிப்பக்க மாரடைப்பு என்றால் வலப்பக்க வி4 லீடையும், வி1 முதல் வி3 வரை எஸ்டி கீழிறங்கியிருந்தால் முதுகுப் பக்க லீடுகளையும் எடுத்து அனுப்ப வேண்டும். பின்சுவரில் ஏற்படும் மாரடைப்பு வழக்கமான பன்னிரண்டு லீடுகளில் நேரடியாகத் தெரிவதில்லை.

படத்தோடு வேறென்ன தகவல் அனுப்ப வேண்டும்?

வயது, ஆணா பெண்ணா, வலி தொடங்கிய மணி, ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை. அடுத்து, கரைக்கும் ஊசிக்குத் தடையாக ஏதேனும் உண்டா என்பது: முன்பு மூளையில் ரத்தக்கசிவு, அண்மையில் பக்கவாதம், தலைக்காயம், அறுவை சிகிச்சை, ஓயாத ரத்தப்போக்கு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம். வலி முதுகைக் கிழித்துக்கொண்டு போவது போல் இருக்கிறதா, இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுபடுகிறதா என்பதையும் சொல்லுங்கள். அது பெருந்தமனி கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஊசி உயிரைப் பறித்துவிடும்.

வலி தொடங்கிய நேரத்தை 'நேற்று இரவிலிருந்து' என்று எழுதாதீர்கள். "இரவுச் சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? தூங்கப் போகும்போது இருந்ததா?" என்று கேட்டால் மணி கிடைத்துவிடும்.

ஊசியா, ஆஞ்சியோவா என்பதைக் கைப்பேசியில் எப்படி முடிவுசெய்கிறார்கள்?

தொலைவை வைத்தும், மறுமுனையில் கேத் லேப் இருக்கும் நிலையை வைத்தும். நோயைக் கண்டறிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பைக் கம்பி தாண்டிவிடும் என்றால் நேரே ஆஞ்சியோவுக்கு அனுப்புவது சிறந்தது. அதற்குள் முடியாது என்று தோன்றினால், தடை ஏதும் இல்லாத பட்சத்தில், அங்கேயே ஊசி போட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

வால்பாறையில் ஒருவருக்கு மாரடைப்பு என்று கொள்வோம். பொள்ளாச்சிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர், வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள்; அங்கிருந்து கோவைக்கு இன்னும் சுமார் 40 கிலோமீட்டர். எவ்வளவு விரட்டினாலும் 120 நிமிடக் கணக்கு கைகூடாது. அங்கே கைப்பேசியில் வர வேண்டிய விடை "உடனே அனுப்புங்கள்" என்பதாக இருக்கக் கூடாது. "ஊசியை இப்போதே போடுங்கள், பிறகு அனுப்புங்கள்" என்பதாக இருக்க வேண்டும். அதே நோயாளி பொள்ளாச்சியில் இருந்தால் கணக்கு மாறுகிறது. ஒரு மணி நேரத்தில் கோவை சேரலாம். கேத் லேப் காலியாக இருந்து, பணியாளர்களும் வந்துவிடுவார்கள் என்றால் ஊசி இல்லாமலே அனுப்பலாம். ஆனால் அந்நேரம் கேத் லேப் மேசையில் இன்னொரு நோயாளி இருந்தால்? அதைச் சொல்லக்கூடியவர் மறுமுனையில் இருப்பவர் மட்டுமே. வரைபடத்தைப் பார்த்தால் கிலோமீட்டர் தெரியும். கேத் லேப் காலியா என்பதைப் பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊசி என்பது ஏழைக்கான இரண்டாந்தரச் சிகிச்சை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. 2013இல் வெளியான ஸ்ட்ரீம் ஆய்வில், வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ கிடைக்க வழியில்லாத 1,892 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு முதலில் கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் ஊசியும் பிறகு ஆஞ்சியோவும், மறுபிரிவினருக்கு நேரடி ஆஞ்சியோவும் செய்யப்பட்டன. முப்பது நாள் கழித்து இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; ஊசிப் பிரிவில் மூளை ரத்தக்கசிவு சற்றுக் கூடுதல், அதனால் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மருந்தின் அளவு ஆய்வின் இடையிலேயே பாதியாக்கப்பட்டது. சீக்கிரம் வந்தவருக்குச் சீக்கிரம் போட்ட ஊசி, தாமதமாகக் கிடைக்கும் ஸ்டென்ட்டுக்குச் சளைத்ததன்று.

ஊசி போட்டு வலியும் குறைந்துவிட்டதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

ஊசி எல்லாருக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்களிலும் சிலருக்குத் தமனி மறுபடி அடைபடும். ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் இரண்டாவது ஈசிஜி எடுத்து அனுப்ப வேண்டும். உயர்ந்திருந்த எஸ்டி பாதிக்கு மேல் இறங்காவிட்டால் உடனடியாக மீட்பு ஆஞ்சியோ தேவை. இறங்கியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வது வழக்கம். முதல் ஈசிஜியை அனுப்புபவர்கள் பலரும் இந்த இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். விடை வருமென்று காத்திருந்து வண்டியைத் தாமதப்படுத்தவும் கூடாது, வழியிலேயே எடுக்கலாம்.

வாட்ஸ்அப் குழு போதுமா, தனிச் செயலி வேண்டுமா?

வாட்ஸ்அப் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று உண்டு. துருக்கியில், ஆஞ்சியோ வசதி இல்லாத ஊரக மருத்துவமனையிலிருந்து மாற்றப்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஈசிஜியை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது அடைப்பைத் திறக்க ஆன நேரம் குறைந்தது. மங்களூருவைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் பத்மநாப காமத், கர்நாடகத்தின் ஊரக மருத்துவர்களுக்கு வாட்ஸ்அப் குழு வழியே ஈசிஜி படித்துச் சொல்லி வருவது பலரும் அறிந்தது.

ஆனால் குழுவுக்கு ஒரு நோய் உண்டு. அறுபது பேர் உள்ள குழுவில் ஈசிஜி விழுந்தால், வேறொருவர் பார்த்திருப்பார் என்று ஐம்பத்தொன்பது பேரும் நினைப்பார்கள். நடுவே காலை வணக்கப் பூப்படங்கள் வேறு. நீலக்குறி விழுந்துவிட்டது என்பதற்காக ஒருவர் கவனித்துப் படித்தார் என்று பொருளாகாது. படித்திருந்தாலும் முடிவெடுத்தார் என்றாகாது. ஆகவே முதலில் குரல் அழைப்பு, பிறகு படம், பிறகு மீண்டும் குரலில் முடிவு என்ற வரிசை வேண்டும். ஒவ்வொரு பணிநேரத்துக்கும் ஒரே ஒரு பெயரும் ஒரே ஒரு எண்ணும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண் ஆள் மாறினாலும் மாறாத பொது எண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும். உயர்தரப் படமாகவோ கோப்பாகவோ அனுப்பும் வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தனிச் செயலியின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. எந்த நிமிடத்தில் அனுப்பினார்கள், எந்த நிமிடத்தில் பார்த்தார்கள், எப்போது வண்டி கிளம்பியது என்பதை அது தானே குறித்துக்கொள்ளும். மாத இறுதியில் உட்கார்ந்து எங்கே தாமதம் என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டும். அதைப் பார்க்கப்போவதில்லை என்றால் செயலிக்குச் செலவிட்ட பணம் வீண்.

கணினியே ஈசிஜியைப் படித்துவிடாதா?

இப்போது ஓரளவு படிக்கிறது. பெங்களூருவின் டிரைகாக் நிறுவனம், சிறு மருத்துவமனைகளிலிருந்து இணையம் வழி வரும் ஈசிஜியைக் கணினியும் மருத்துவர்களும் சேர்ந்து படித்துச் சில நிமிடங்களில் அறிக்கை தரும் முறையை நடத்துகிறது. ஸ்லோவாக்கியாவில் உருவான பி.எம். கார்டியோ செயலி, தாளில் உள்ள ஈசிஜியைப் படமெடுத்தாலே அடைப்பின் அறிகுறியைத் தேடுகிறது.

படிப்பதில் கணினி சிறந்து விளங்கினாலும், நோயாளியின் முகத்தில் வழியும் வியர்வை அதற்குத் தெரியாது. இளைஞர்களுக்கு இயல்பாகவே எஸ்டி சற்று உயர்ந்திருப்பதுண்டு. இதய உறை அழற்சி, இதயச் சுவர் தடித்தல், ரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல் ஆகியவையும் மாரடைப்பு போல வேடம் காட்டும். கணினி 'ஆம்' என்றால் மருத்துவரை உடனே அழைப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 'இல்லை' என்பதை வைத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

மலை எஸ்டேட்டுகளிலும் காட்டோர ஊர்களிலும் இது அன்றாடச் சிக்கல். படம் ஏறாத இடத்திலும் சாதாரண அழைப்பு போகலாம். எந்தெந்த லீடில் எத்தனை கட்டம் உயர்வு என்று வாயால் சொன்னாலே அனுபவமுள்ளவர் முடிவெடுப்பார். அதுவும் இல்லையென்றால், முன்பே எழுதி ஒப்புக்கொள்ளப்பட்ட நெறிமுறை சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்: உடல் எடைக்கேற்ற மருந்தளவு, தடைகளின் பட்டியல், அழைக்க வேண்டிய தரைவழி எண். கைப்பேசி கிடைக்காததால் ஊசி நின்றுபோகும் ஏற்பாடு, கைப்பேசி வருவதற்கு முன்பிருந்த நிலையைவிட மோசமானது.

ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை எவை?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008இல் தொடங்கியது. மாரடைப்பு நோயாளிக்கு, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியுள்ள வண்டியே வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்ல வேண்டும். முதல் சில மணி நேரங்களில் திடீர் இறப்புக்குப் பெருங்காரணம் துடிப்பு தாறுமாறாவதுதான். நரம்பில் போடும் ஊசிக்குழாயை வலது மணிக்கட்டுப் பக்கம் போடாமல் இடக்கையில் போடுங்கள்; ஆஞ்சியோ செய்பவர்கள் பெரும்பாலும் வலது மணிக்கட்டு வழியாகத்தான் நுழைவார்கள். கொடுத்த மருந்துகளையும் கொடுத்த நேரத்தையும் கடிதத்தில் எழுதுவதோடு படமெடுத்தும் அனுப்பிவிடுங்கள். வண்டி கிளம்பியதும் இருப்பிடத்தைப் பகிர்ந்தால், கேத் லேப் பணியாளர்கள் எப்போது வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்று கணக்கிட முடியும். 108 வண்டியின் ஓட்டுநரை அங்கே பைலட் என்பார்கள். மருத்துவமனையின் எந்த வாசல், எந்தத் தளம் என்பதை அவரிடம் நேரடியாகச் சொல்வது நலம்.

குடும்பத்தார் ஒப்புதலுக்காகவே நேரம் போய்விடுகிறதே?

உண்மை. "பெரியவன் வரட்டும்", "மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறோம்" என்று ஒரு மணி நேரம் கழிவது அரிதன்று. இதில் கைப்பேசியை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். சிகிச்சை செய்யப்போகும் மருத்துவரே ஒலிபெருக்கியில் நோயாளியின் மனைவியிடமும், இன்னோர் அழைப்பில் வெளியூரில் இருக்கும் மகனிடமும் இரண்டு நிமிடம் பேசிவிட்டால், பணி மருத்துவர் இருபது நிமிடம் விளக்கியும் கிடைக்காத ஒப்புதல் கிடைத்துவிடும். "அம்மா, ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. இப்போது ஊசி போட்டால் பிழைக்க வைக்கலாம், ரத்தக்கசிவு ஆபத்து சிறிதளவு உண்டு" என்று நேராகச் சொல்வது போதும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் குடும்ப அட்டையையும் அப்போதே படமெடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால், அங்கே பதிவு வேலையும் முன்கூட்டியே நகரும்.

நோயாளியின் விவரத்தை இப்படி அனுப்புவது சட்டப்படி சரியா?

2020 மார்ச் 25 அன்று வெளியான இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறைகள், ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் செய்திச் செயலி வழியே ஆலோசனை கேட்பதை ஏற்கின்றன. நோயாளியின் அருகில் இருந்து சிகிச்சை அளிப்பவரே பொறுப்பாளர் என்பதையும் அவை தெளிவாகச் சொல்கின்றன. தொலைவில் இருப்பவர் சொன்னார் என்பது முழுப் பாதுகாப்பாகாது. ஆலோசனை சொன்னவரின் பெயர், நேரம், சொன்ன சொல் ஆகியவற்றை நோயேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

படத்தில் பெயரையும் முகவரியையும் மறைத்து, வயதையும் மருத்துவமனைப் பதிவு எண்ணையும் மட்டும் விடுங்கள். எல்லாவற்றையும் மறைத்துவிட்டால், ஒரே இரவில் வந்த இரண்டு பேரின் ஈசிஜி இடம் மாறிப்போகும் ஆபத்து உண்டு. சொந்தக் கைப்பேசியில் படங்களைச் சேர்த்து வைப்பதும், பாடம் நடத்த வேறு குழுக்களுக்கு அனுப்புவதும் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் கைப்பேசியால் என்ன செய்யலாம்? கைக்கடிகார ஈசிஜி உதவுமா?

108ஐ அழைப்பதுதான் முதல் வேலை. ஒவ்வாமையோ ரத்தப்போக்கோ இல்லாதவர், 108இல் பேசுபவரோ மருத்துவரோ சொன்னால், 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், 17,187 நோயாளிகளிடையே ஆஸ்பிரின் மட்டுமே ஐந்து வார இறப்பை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைத்தது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் கட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் 8 என 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன; அவை கிடைத்தன என்பதை அடுத்த மருத்துவமனைக்குச் சொல்வது அவசியம், இல்லாவிட்டால் மறுபடியும் கொடுத்துவிடுவார்கள்.

கைக்கடிகாரம் காட்டுவது ஒரே ஒரு லீட். துடிப்பின் ஒழுங்கின்மையைக் கண்டுபிடிக்க அது உதவும். மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று அதன் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். கடிகாரம் சரி என்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

இதயநோய் ஏற்கெனவே உள்ளவர்கள் தங்கள் பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கை, ஸ்டென்ட் விவரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் தெளிவான படங்களைத் தம் கைப்பேசியிலும் வீட்டில் இன்னொருவர் கைப்பேசியிலும் வைத்திருக்க வேண்டும். இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடையோ பழைய மாரடைப்பின் தழும்போ ஈசிஜியில் தெரியும்போது, 'இது இன்று வந்ததா, முன்பே இருந்ததா' என்பதுதான் நள்ளிரவில் படிப்பவருக்கு எழும் முதல் கேள்வி. ஆறு மாதத்துக்கு முந்திய தாளின் படம் அதற்கு உடனே விடை சொல்லிவிடும். கைப்பேசியின் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.